எல்ப்பரு

பஸ் நிறுத்தத்தில் சித்தியை நம்பி ஒரு பையைக்கூடக் கொடுக்க முடியாது. பரளச்சி விலக்கில் நாங்கள் நிற்போம். அருப்புக்கோட்டை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரியும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு பெண் கருவேல விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, திரும்பத் தலையில் ஏற்றிவிட ஆள் தேடி அங்கும் இங்கும் பார்ப்பாள். அவ்வளவுதான். என் பை ஒரு பக்கம் கிடக்கும், கூடை ஒரு பக்கம் கிடக்கும், சித்தி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பாள். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

"என்ன சித்தி நீ!" என்று கத்துவேன்.

"நமக்கு இன்னொரு பஸ்ஸு வரும் தாயி. அவளுக்கு வேற ஆளு வருமா?" என்பாள்.

சுமை தூக்கிவிடுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. தலையில் சுருட்டி வைத்திருக்கும் சும்மாட்டுத் துணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். பிறகு எதிரே குனிந்து, "பிடிச்சாச்சா?" என்பாள். "எந்திரி" என்பாள். சுமை தலைக்குப் போனதும் இரண்டு கையையும் தட்டிவிட்டு, "ஆச்சு." இதற்கு மேல் பேச்சு கிடையாது. யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்க மாட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்கூட அதைக் கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. சித்தி கேட்டு நான் பார்த்ததில்லை.

சித்தியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. அவள் யார் என்று ஒரு பெரிய இடத்தில் வைத்து ஒருத்தி என்னைக் கேட்டாள். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு அச்சில் போட்டு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவளுடைய இந்தக் குணத்துக்கு ஊரில் ஒரு கதை உண்டு. சித்தப்பாவுக்கு இரண்டரைக் குறுக்கம் மானாவாரி நிலம். மழை பெய்தால் கொத்தமல்லி, உளுந்து. பெய்யாவிட்டால் ஆடு. ஒரு வருடம் மல்லி நன்றாக வந்து, களத்தில் மூட்டை பிடித்து அடுக்கியிருந்தார்கள். சித்தப்பா சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். உச்சி வெயில். சித்தி அவருக்கு மாற்றாகக் களத்துக்குப் போனபோது, வெளியூர் ஆள் ஒருவன் ஒரு மூட்டையை சைக்கிள் கேரியரில் ஏற்ற முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். சித்தி போனாள். "பிடிச்சாச்சா? எந்திரி. ஆச்சு." மூட்டை நழுவாமலிருக்கக் கயிற்றை இழுத்து முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அரை மணி நேரம் கழித்து சித்தப்பா வந்து மூட்டைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

ஊரே வீட்டு வாசலில் கூடிச் சிரித்தது. சித்தப்பாவுக்குக் கோபத்தில் வாய் குழறியது. "களவாணிப் பயலுக்குத் தூக்கி விட்டதும் இல்லாம முடிச்சு வேற போட்டுக் குடுத்துருக்கியே!"

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தானும் சிரித்தாள். பிறகு சொன்னாள். "முக்கிக்கிட்டு நின்னான்ங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு."

நான் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒன்பதாவது படிக்கும்போது என் அம்மா போய்விட்டாள். அப்பா லாரி டிரைவர். தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடியைத் தாண்டிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவின் தங்கையான சித்தி, காரியம் முடிந்த மறுநாள் என் துணிகளை ஒரு சாக்குப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நடந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள்தான் பேசினார்கள்.

சித்திக்கு மில்லில் மத்தியான ஷிஃப்ட். காலையில் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு விலக்குவரை வருவாள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் எனக்கு அது பிடிக்காமல் போயிற்று. கூடப் படிக்கிற பெண்கள் பார்க்கிறார்கள். சித்தியின் தலைமுடியில் எப்போதும் மில் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத்தான் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் சித்தி புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு விலக்குக்கு ஐம்பது எட்டு முன்னாலேயே புளியமரத்தடியில் நின்று, பையை என் தோளில் மாட்டிவிட்டு, "ஆச்சு, போ" என்று சொல்லித் திரும்பிவிடுவாள். இரண்டு வருடம் அப்படி நடந்தது. என்னுடைய வெட்கம் நேற்று இன்று வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூற்பாலை. அங்கே பெண்களில் சைடர் என்றால் மதிப்பு. ஒரு மெஷின் வரிசை அவள் பொறுப்பில் ஓடும். அறுந்த நூலை ஒட்டுவது அவள் வேலை. ஹெல்பர் என்றால் கீழே கிடக்கும் பஞ்சைக் கூட்டுகிறவள், டப்பா சுமக்கிறவள், கூப்பிட்ட பக்கமெல்லாம் ஓடுகிறவள். சித்தி பதினான்கு வருடம் ஹெல்பராகவே இருந்தாள். நூல் ஒட்ட அவளுக்கு நன்றாக வரும். ஆனால் எவளுக்காவது டப்பா கனமாக இருந்தால் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாளே, அவளை நம்பி எவன் மெஷினைக் கொடுப்பான்?

ஒரு நாள் மில்லைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் பெண்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார். சித்தியிடம் வந்ததும் ஒரு நொடி நின்று, "இது எல்ப்பருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவளுக்குப் போய்விட்டார். மறுநாள் மில் வேன் வந்து ஹாரன் அடித்தது. சித்தி வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை.

சொளகில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே அன்று என்னிடம் சொன்னாள். "பதினாலு வருசம் தாயி. எனக்குன்னு ஒரு பேரு இருக்குன்னே அங்க யாருக்கும் தெரியல. இனி எந்த வாயும் என்னைய எல்ப்பருன்னு சொல்லக் கூடாது."

அந்த சூப்பர்வைசரை நான் என்னென்னவோ திட்டினேன். "நான் மட்டும் அங்க இருந்திருந்தா..." என்று பல்லைக் கடித்தேன். எனக்குப் பதினேழு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன் என்று நம்பிய வயது.

படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாயிற்று, அமெரிக்காவுக்குப் போனேன். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். எனக்குத் தாய்வீடு என்றால் சித்திதான். அவளை வரவழைக்க பாஸ்போர்ட், விசா, நேர்முகம் என்று ஒரு பாடு பட்டோம். "நான் உனக்கு என்ன வேணும்னு கேப்பாங்க. அக்கா மகள்னு சொல்லு. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு" என்று போனில் பத்து தடவை சொல்லிக் கொடுத்தேன். சென்னையில் அந்த அதிகாரி, பக்கத்தில் இருந்த தமிழ் தெரிந்த பெண் மூலமாக அதையே கேட்டிருக்கிறார். சித்தி, "எம் மகதாங்க" என்றிருக்கிறாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. விசா கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். போனில் கத்தினேன். "பேப்பர்ல உள்ளபடி சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சித்தி!"

"கேட்டாக. சொன்னேன்" என்றாள்.

அவள் வந்து இறங்கிய விமான நிலையத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. பெல்ட்டில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பெட்டியைச் சித்தி பாய்ந்து இறக்க, அவர் களவு போகிறது என்று நினைத்து மறு பக்கம் இழுக்க, நானும் என் கணவரும் ஓடி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சித்திக்கு அது புரியவே இல்லை. "எறக்கத்தான செஞ்சேன்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிள்ளை பிறந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். எனக்குப் பூண்டும் கருவாடும் சமைத்துப் போட்டாள். முதல் பனி விழுந்த காலையில் சன்னலைத் திறந்து வெளியே பார்த்தவள், சட்டென்று முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள். பிள்ளையின் முகத்தையும் மூடினாள். "பஞ்சு பறக்குது தாயி, கதவைச் சாத்து. இருமல் வந்துரும்" என்றாள். பதினான்கு வருட மில் பழக்கம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போது நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

பிள்ளைக்கு மூன்றரை மாதம் இருக்கும்போது அந்தப் பயணம் வந்தது. கொலராடோ மலைகளுக்குள் ஒரு பனிச்சறுக்கு ஊர். எங்கள் கம்பெனி, வருடத்துக்கு ஒரு முறை முக்கியமான ஆட்களை மட்டும் குடும்பத்தோடு அங்கே கூட்டிப்போகும். அந்த வருடம்தான் முதல் தடவையாக அந்தப் பட்டியலில் என் பெயர் வந்தது. இதற்காக நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். போட வேண்டிய உடுப்பு, பேச வேண்டிய பேச்சு என்று எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தேன். சித்தியை மட்டும் எந்த ஒத்திகையிலும் சேர்க்கவில்லை.

அந்த ஊரில் எல்லாமே வழவழவென்று இருந்தது. மர வீடுகள், கண்ணாடிக் கடைகள், ரோமக் கோட்டு போட்ட நாய்கள். பனி எங்கும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்க, கடைவீதி நடைபாதையில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. அடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது என்று நான் விளக்கினேன். சித்தி உட்கார்ந்து தரையில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ரோட்டுக்கே காய்ச்சல் அடிக்குது" என்றாள்.

கண்டாங்கிச் சேலை, அதற்கு மேல் என் கணவரின் பழைய ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டு. இப்படி அவள் என்னோடு நடந்து வந்தாள். நான் இரண்டு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். குளிர் என்று காரணம் வைத்துக்கொண்டேன்.

சறுக்குகிறவர்கள் தோளில் நீளநீளமான பலகைகளைச் சுமந்துகொண்டு, முட்டிவரை வரும் கெட்டியான பூட்ஸில் விந்தி விந்தி நடந்து போனார்கள். சித்தி அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பாவம் தாயி. இம்புட்டுப் பேருக்கும் கால்ல கட்டுப் போட்டுருக்காக. அதோட சொமை வேற."

"கட்டு இல்ல சித்தி, பூட்ஸு. மேல போய் அந்தப் பலகைல நின்னு சறுக்கிக் கீழ வருவாங்க."

"வந்து?"

"மறுபடி மேல போவாங்க."

சித்தி மலையை அண்ணாந்து பார்த்தாள். "மேல எதையும் மறந்து வச்சுட்டு வந்துட்டாகளா?" என்று கேட்டாள். நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை. என் கணவர் சறுக்கப் பழகும் வகுப்புக்குப் போய்விட்டார். கேபிள் கார் ஏறும் இடத்தில் நானும் சித்தியும் நின்றோம். பிள்ளை சித்தியின் தோளில். எங்கள் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் காப்பிக் குவளையோடு சுற்றி நின்றார்கள். அப்போது வேனிலிருந்து என் மேலதிகாரி இறங்கினாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், வெள்ளை ஜாக்கெட், நல்ல உயரம். கம்பெனியில் என் தலையெழுத்து அவள் கையில் இருந்தது. பூட்ஸ் வழுக்கி, எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். அவளுடைய பலகைகளும் குச்சிகளும் நாலா பக்கமும் சிதறின.

"இந்தா தாயி" என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுச் சித்தி போய்விட்டாள். தடுக்க நேரமில்லை. போய், எதிரே குனிந்து, அவளுடைய இரண்டு முழங்கையையும் பிடித்தாள். "பிடிச்சாச்சா? எந்திரி." என் மேலதிகாரி எழுந்து நின்றாள். "ஆச்சு." அதோடு விட்டிருக்கலாம். சித்தி கழுத்துத் துண்டை உருவி, சுருட்டி, குல்லாவுக்கு மேலே சும்மாடாக வைத்து, இரண்டு பலகைகளையும் குச்சிகளையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கைகளை விட்டுவிட்டு நடந்தாள். பரளச்சி விலக்கில் நடக்கிற அதே நடை. கூட்டம் விலகி வழிவிட்டது. போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

ஒருவர் முகத்திலும் ஏளனம் இல்லை. இதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் முகம் கொதித்தது.

என் மேலதிகாரி பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்தபடி என்னிடம் வந்தாள். சித்தி பலகைகளை மரச்சட்டத்தில் சாத்திவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எவ்வளவு அருமையான மனுஷி! உன் மதரா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ நோ. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் ஹெல்பர்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த இரண்டு வரியில் சித்திக்குத் தெரிந்த சொற்கள் மூன்றுதான். மதர். நோ. ஹெல்பர்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை என் கையிலிருந்து போவது மட்டும் தெரிந்தது. அவள் மெதுவாக, கழுத்தைத் தாங்கி, எப்போதும் போலத்தான் வாங்கினாள்.

பொய் சொல்லி ஏதாவது கிடைத்திருந்தால் அதையாவது சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. "ஆமாம், அம்மா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் சித்தியைக் கட்டிப் பிடித்திருப்பாள். காரணம் தேடுவதில் நான் கெட்டிக்காரி. பெற்றவள் இல்லையே, நோ என்றது உண்மைதானே, பேப்பரிலும் அப்படித்தானே இருக்கிறது என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அந்த 'ஹெல்பர்' எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் இன்றுவரை என்னால் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்படியா, கவலையே வேண்டாம். மதியச் சாப்பாட்டின்போது குழந்தைகளுக்கும் ஹெல்பர்களுக்கும் தனி அறை ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்றாள் என் மேலதிகாரி.

மலை உச்சியில் சாப்பாடு. எங்கள் நீளமான மேசைக்கும் அந்தத் தனி அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் சித்தி, தரையில் சம்மணம் போட்டு, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கூட நான்கைந்து பெண்கள். வேறு வேறு நாட்டுக்காரிகள், வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளோடு. ஒருத்தி சித்தியிடம் தன் போனில் ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் என் மேலதிகாரி தான் விழுந்த கதையை மேசை முழுவதும் கேட்கச் சொன்னாள். "இவளுடைய ஹெல்பருக்காக!" என்று கண்ணாடிக் குவளையைத் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்த நேரம் சித்தி நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

திரும்பி வரும்போது காரில் சித்தி பின் சீட்டில் பிள்ளையோடு இருந்தாள். நான் முன்னால் இருந்தபடியே, திரும்பாமல் சொன்னேன். "நீ எங்ககூடவே உக்காந்து சாப்பிட்டிருக்கலாம் சித்தி. இடம் இருந்துச்சு."

"அது எப்படி தாயி? எல்ப்பரு போயி டேபிள்ல உக்காந்தா சூப்பரைசரு வைவாருல்ல" என்று சித்தி சிரித்தாள்.

என் கணவருக்கு விளங்கவில்லை. "என்ன எல்ப்பரு?" என்றார். நான் பாட்டைப் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இருந்தாள். பூண்டு உரித்தாள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தாள், என் தலையைச் சிக்கெடுத்தாள். ஒன்று மட்டும் மாறிற்று. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், அழைப்பு மணி அடித்ததுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். அவள் யார் என்று சொல்ல வேண்டிய சங்கடத்தை எனக்கு வைக்கவே இல்லை. புளியமரத்தடியில் நின்றுகொண்ட மாதிரிதான். ஒரு தடவை, "வெளிய வா சித்தி" என்று கூப்பிட்டேன். "புள்ள தூங்குறா" என்றாள். இரண்டாவது தடவை நான் கூப்பிடவில்லை.

விமான நிலையத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். "சித்தி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "புள்ள அழுவா. போ தாயி" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், களத்தில் நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு விடுப்புக் கிடைத்து, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்ந்தது பதினாறாம் நாள் காரியத்துக்கு.

வீடு நிறையப் பெண்கள். அவளோடு மில்லில் வேலை பார்த்தவர்கள், விறகுக்காரிகள், எனக்கு முகமே தெரியாதவர்கள். அத்தனை பேரும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு ரோட்டில் அவள் தூக்கிவிட்ட சுமையைச் சொல்லி அழுதார்கள். வயதான ஒரு பெண் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

"நீதானத்தா அந்தப் பிள்ளை? அந்தப் பனி ஊருல, அம்புட்டுப் பெரிய ஆளுக நடுவுல, 'இவுக யாரு'ன்னு ஒரு வெள்ளக்காரி கேட்டதுக்கு, 'எங்கம்மா'ன்னு சொன்னியாமே?"

"அத எங்ககிட்ட சொல்லாத நாளே இல்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "மில்லு வேன நிப்பாட்டி, அதுல போற பிள்ளைககிட்ட எல்லாம் சொல்லுவா. 'எல்லாரும் கை தட்டுனாக, எம் மக என்னைய அம்மான்னுட்டா'ன்னு."

"பெத்ததுகளே இந்தக் காலத்துல சொல்லாதுக. நீ நல்லா இருக்கணும் தாயி" என்று முதல் பெண் என் நெற்றியில் கை வைத்தாள்.

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். அத்தனை பேர் முன்னாலும், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இரண்டாவது தடவையும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சித்தப்பா முற்றத்தில் வாடகைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். போய் எதிரே நின்றேன்.

"சித்தப்பா, அந்த ஊர்ல நான் அப்படிச் சொல்லல."

அவர் நிமிரவில்லை. "தெரியும் தாயி."

"என்ன சொன்னேன்னும் தெரியுமா?"

"எல்ப்பருன்னு சொன்ன. வந்து எறங்குன அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டா. வேற ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டா."

"கோவமா இருந்தாளா?"

சித்தப்பா கயிற்றைச் சாக்கின் வாயில் சுற்றினார். "அழுதா. ரெண்டு நாளு சோறு திங்கல. மூணாம் நாளு, இந்த வாசல்ல விறகு கொண்டு போறவ ஒருத்திக்கிட்ட நீ அம்மான்னு சொன்னதாச் சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்குச் சுருக்குன்னுச்சு. உள்ள வரவும், 'என்ன கழுதை, இப்படிப் பொய் சொல்ற, அவ உன்னைய என்ன பாடுபடுத்திட்டா'ன்னு வஞ்சேன். அதுக்கு அவ..."

முடிச்சை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"'புள்ள அங்க முக்கிக்கிட்டு நின்னுச்சுங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு'ன்னா."

இதே சொற்களை இதே வீட்டில் நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், மல்லி மூட்டை களவு போன அன்று.